மானிடவியல் வளர்த்த பாலக்காட்டுத் தமிழர்: எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர்

நாட்டின் தென்கோடியில் வேரூன்றி, கீழ்க்கோடியாகிய வங்கத்தில் வாழ்வு நடத்தும் நம்மனோர்க்கு, நமக்கு முன்னே இவ்வழி வந்த பெரியோர்களை நினைவுகூர்தல் ஒரு கடமையாகும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பேசுங்கால், 1917-இல் அங்கே பௌதிகப் பேராசிரியராக அமர்ந்த சர் சி. வி. ராமனையும், 1921-இல் தத்துவப் பேராசிரியராக வந்த டாக்டர் இராதாகிருஷ்ணனையும் நாம் பெருமிதத்தோடு குறிப்பிடுகிறோம். அவ்விருவரையும் தேடி அழைத்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, தென்னாட்டினின்று மூன்றாமவர் ஒருவரையும் அழைத்தார். அவரே எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். மானிடவியல் பயில்வோர் யாவரும் அறிந்த பெயர் அது. ஆயினும் நம் விழா மேடைகளில் அருகியே ஒலிக்கும் பெயர். அன்னாருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஐயர் 1861-ஆம் ஆண்டில், பாலக்காட்டைச் சார்ந்த லட்சுமிநாராயணபுரம் என்னும் அக்கிரகாரத்தில் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் எழுத்துகளுள் முன்னது அவ்வூரையும், பின்னது தந்தையார் கிருஷ்ண ஐயரையும் குறிப்பன. பாலக்காட்டுத் தமிழர்கள் பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து கணவாய் வழியே மேற்கு நோக்கிச் சென்று குடியேறியவர்கள். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்ந்தவர்கள். ஆகவே குடிபெயர்ந்தோர் வாழ்க்கை ஐயருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது எனலாம்.

அத்தகைய ஊரில் வளரும் பிள்ளைக்கு, மனிதர் வாழும் முறை ஒன்றே அன்று என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தன் வீட்டில் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. சற்றுத் தொலைவிலுள்ள நாயர் தறவாட்டிலோ தாய்வழியில், மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்கிறது. இது ஏன், எவ்வாறு என்ற கேள்விதான் மானிடவியலின் வாயில். ஆனால் ஐயரின் இளமையில் இக்கேள்விக்கு விடை கூறும் பாடம் இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று அவர் பட்டம் பெற்றார். சிறிது காலம் அரசாங்க அலுவல் பார்த்தபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். நாற்பது வயதுவரை அவருடைய வாழ்க்கை, அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற பலருடைய வாழ்க்கையைப் போன்றதே. பின்னால் உலகப் புகழ் வரும் என்பதற்கு அதில் அடையாளம் எதுவும் இல்லை.

கொச்சியில் தொடங்கிய பணி

1901-இல் இந்திய அரசாங்கம், நாட்டிலுள்ள குலங்களையும் குடிகளையும் பற்றிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு ஹெர்பர்ட் ரிஸ்லியிடம் இருந்தது. சென்னை மாகாணத்தில் அப்பணி சென்னை அருங்காட்சியகத்தின் தலைவரான எட்கர் தர்ஸ்டனிடமும், மைசூரில் எச். வி. நஞ்சுண்டய்யாவிடமும் ஒப்படைக்கப்பட்டது. கொச்சி சமஸ்தானத்திற்கு ஒருவர் தேவைப்பட்டபோது, எர்ணாகுளம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அனந்தகிருஷ்ண ஐயரிடம் 1902-இல் அப்பொறுப்பு வந்து சேர்ந்தது.

பொறுப்பு வந்ததேயன்றி அதற்கெனச் சம்பளம் வரவில்லை. கல்லூரிப் பணியும் குறையவில்லை. வார நாட்களில் வகுப்பு; வாரக் கடைசியிலும் விடுமுறையிலும் ஊர்ப்பயணம்; திரும்பி வந்தபின் எழுத்து. கொச்சி அளவிற் சிறிய நாடு. அக்காலத்து மக்கள்தொகை எட்டு லட்சத்திற்குச் சற்று மேல். ஆயினும் கடற்கரை வலைஞர் முதல் மலைக்காட்டுக் காடர் வரை, யூதர் முதல் நம்பூதிரிகள் வரை, அத்தனை வகை மக்கள் அச்சிறு நாட்டில் வாழ்ந்தனர். இவர்களைப் பற்றி எழுத ஐயருக்கு ஆசிரியர் எவரும் இருக்கவில்லை. நூல்களைத் தாமே தேடிப் படித்தார். மக்களைத் தாமே தேடிச் சென்றார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அந்நாளைய கொச்சியில் புலையரும் பறையரும் அந்தணருக்கு அருகில் வருதலே குற்றமாகக் கருதப்பட்டது. இன்ன குலத்தார் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. நாயாடிகள் எல்லோரினும் தொலைவில் நிறுத்தப்பட்டவர்கள். வழிப்போக்கரிடம் தொலைவிலிருந்தே கூவி இரந்து வாழ்ந்தவர்கள். இத்தகைய நாட்டில் அந்தணர் ஒருவர் கையில் குறிப்பேட்டுடன் அம்மக்களைத் தேடிச் சென்று, பிறப்பு, திருமணம், இறப்பு, தெய்வம், தொழில், கூலி, உணவு, உடை ஆகியவற்றைக் கேட்டு எழுதினார். கேட்டு எழுத வேண்டுமாயின் பேச்சு காதில் விழும் தூரத்திற்கேனும் செல்ல வேண்டும். எவரும் அணுகலாகாது என்று வழக்கம் விதித்தவர்களை அணுகாமல் இவ்வேலை நடவாது. சமூகத்தை மாற்றுவேன் என்று அவர் புறப்படவில்லை. ஆயினும் அவர் மேற்கொண்ட தொழிலே அவரைப் பழைய எல்லைக் கோட்டின் மறுபுறம் கொண்டு நிறுத்தியது.

இவ்வுழைப்பின் பயனாகக் கொச்சியின் குலங்களையும் குடிகளையும் பற்றிய அவரது நூலின் முதல் தொகுதி 1909-இலும், இரண்டாம் தொகுதி 1912-இலும் வெளிவந்தன. முதல் தொகுதியில் மலைக்குடிகளும் உழைக்கும் சாதியினரும் இடம் பெற்றனர். காடர்கள் மூங்கிலிற் செய்து தலையிற் செருகும் சீப்பு முதல், 1854-இல் கொச்சியில் சட்டப்படி ஒழிந்த அடிமை முறை புலையர் வாழ்வில் விட்டுச் சென்ற தழும்பு வரை அதில் காணலாம். இரண்டாம் தொகுதியில் நம்பூதிரி, நாயர், கிறித்தவர், யூதர் முதலானோரோடு தாம் பிறந்த தமிழ் அந்தணர் சமூகத்தையும் ஐயர் ஆய்வுக்கு உட்படுத்தினார். பிறருடைய வழக்கத்தை எழுதிய அதே கோலால் தம்மவர் வழக்கத்தையும் எழுதிய நேர்மை குறிப்பிடத்தக்கது.

முதல் தொகுதி வெளிவந்தபோது கொச்சியின் திவானாக இருந்தவர் ஆல்பியன் ராஜ்குமார் பானர்ஜி என்னும் வங்காளி. வங்கத்தார் ஒருவர் கொச்சியை ஆள, கொச்சியின் ஆசிரியர் பின்னர் வங்கத்திற்குப் பாடம் சொல்லச் சென்றது காலத்தின் அழகிய விளையாட்டே.

கல்கத்தாவின் அழைப்பு

நூல்கள் மேனாட்டு அறிஞர்களின் கவனத்தைக் கவர்ந்தன. உள்நாட்டிலும் மதிப்பு உயர்ந்தது. திருச்சூரிலிருந்த சமஸ்தான அருங்காட்சியகத்தையும் மிருகக்காட்சிச்சாலையையும் மேற்பார்க்கும் பொறுப்பு ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1914 ஜனவரியில் இந்திய விஞ்ஞான மாநாட்டின் முதற் கூட்டம் கல்கத்தாவில் ஆசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் நடைபெற்றது. அதன் இனவியற் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அனந்தகிருஷ்ண ஐயர். ஆசுதோஷின் கூரிய பார்வையில் விழுந்த ஒருவரை அவர் எளிதில் மறந்துவிடுவதில்லை.

ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையிலிருந்து உயர்த்தி, ஆராய்ச்சிக் களமாக ஆக்க முயன்றவர். ஊர், மொழி, பிறப்பு ஆகியவற்றைக் கருதாமல் தகுதியுடையோரை நாடெங்கும் தேடினார். 1920-21-இல் அப்பல்கலைக்கழகத்தில் மானிடவியலுக்கெனத் தனித்துறை உருவாயிற்று. இந்தியாவில் இப்பாடத்துக்கு ஏற்பட்ட முதல் பல்கலைக்கழகத் துறை அதுவே. தொடக்கத்தில் ரமாபிரசாத் சந்தா பொறுப்பேற்றார். அவருக்குப்பின் துறையின் தலைமை ஐயரிடம் வந்தது.

அப்போது ஐயருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. பிறர் ஊன்றுகோலும் திண்ணையும் தேடும் பருவம் அது. மொழியும் உணவும் வேறான நகரத்திற்கு அவ்வயதிற் குடிபெயர்ந்து, முன்மாதிரி இல்லாத ஒரு துறையைக் கட்டுவது எளிய செயலன்று. தாம் எந்த வகுப்பறையிலும் பயிலாத பாடத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியராக அவர் அங்கே அமர்ந்தார்.

பல்கலைக்கழகத்தில்

மானிடவியல் என்பது யாது என்று நம் இளைஞர் கேட்கக்கூடும். மனிதனை முழுமையாக ஆராய்வது மானிடவியல். அவனுடைய உடலமைப்பு ஒரு பகுதி. பண்டைய கற்கருவிகளும் தொல்பொருள்களும் ஒரு பகுதி. உறவு முறை, மணமுறை, சமயம், சடங்கு, தொழில் ஆகியவை மற்றொரு பகுதி. சமூகவியல் இதன் உடன்பிறப்பு. முன்னது பெரும்பாலும் சிறு குடிகளையும் மலைவாழ் மக்களையும் நோக்கியது. பின்னது நகரம், தொழில், வர்க்கம் முதலியவற்றை நோக்கியது. நம் நாட்டில் இவ்விரண்டையும் பிரிக்கும் வேலி என்றும் உயரமாக இருந்ததில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் பாட்ரிக் கெடிஸ் சமூகவியல் துறையைத் தொடங்கினார். லக்னோவில் 1921-இல் ராதாகமல் முகர்ஜி பொருளாதாரத்தையும் சமூகவியலையும் இணைத்துப் பயிற்றினார். ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் மூன்று நகரங்களில் மூன்று விளக்குகள் ஏற்றப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை தோன்றியது 1940-களின் நடுப்பகுதியில்தான் என்பதை எண்ணுங்கால், ஐயர் ஏன் இவ்வளவு தொலைவு வர நேர்ந்தது என்பது விளங்கும்.

ஐயர் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் கல்கத்தாவில் பணியாற்றினார். அவர் ஆற்றிய சொற்பொழிவுகளை 1925-இல் பல்கலைக்கழகமே நூலாக வெளியிட்டது. மலையாள நாட்டுச் சிரியன் கிறித்தவர்களைப் பற்றிய அவரது தனி நூல் 1926-இல் வெளிவந்தது. நூல்களைக் காட்டிலும் நெடுங்காலம் நின்றது அவர் காலத்தில் அத்துறையிற் பயின்றவர்களின் பணி. நிர்மல் குமார் போஸ் அவர்களுள் ஒருவர். அவர் 1946-47-இல், கலவரத்தால் குருதி தோய்ந்த நவகாளியில் காந்தியடிகளுடன் இருந்து செயலாளராகத் தொண்டு செய்தார்; பின்னர் 1959 முதல் 1964 வரை இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். மற்றொருவர் தீரேந்திர நாத் மஜும்தார். லக்னோ சென்று அங்கே மானிடவியலை வேரூன்றச் செய்தவர்.

அத்துறையின் ஆசிரியராக இருந்த தாரக் சந்திர தாஸின் பணியையும் இங்கே கூறுதல் தகும். 1943-இல் வங்கத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சோப லட்சம் மக்கள் மாண்டனர். கிராமங்களிலிருந்து உணவு தேடிக் கல்கத்தாவின் தெருக்களுக்கு வந்து விழுந்தவர்களைப் பற்றி, அத்துறையினர் நேரிற் சென்று கணக்கெடுத்தனர். அவர்கள் யார், எவ்வூரார், என்ன தொழிலர், குடும்பம் எவ்வாறு சிதறியது என்று கேட்டுத் தொகுத்த அந்த ஆய்வு 1949-இல் தாஸின் நூலாக வெளிவந்தது. அது வெளிவரும் முன்பே ஐயர் மறைந்துவிட்டார். ஆயினும் கேட்பாரற்றுக் கிடப்பவனிடம் சென்று அவன் கதையைக் கேட்டு எழுதுதல் என்னும் வழக்கம், கொச்சியின் வயல்வரப்புகளில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் விடுமுறை நாட்களில் பழகியதே அன்றோ?

மைசூர் நூல்களும் மேனாட்டுப் பயணமும்

கல்கத்தாவிற் பாடம் நடத்திய காலத்திலேயே மற்றொரு பெரும்பணியும் ஐயரைத் தேடி வந்தது. மைசூர் ஆய்வை நடத்திவந்த நஞ்சுண்டய்யா, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்து, 1920-இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை நிறைவு செய்து நூலாக்கும் வேலை ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1928 முதல் 1935 வரை நான்கு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. பொது ஆராய்ச்சி அடங்கிய முதல் தொகுதி எல்லாவற்றிற்கும் கடைசியில் வந்தது. மறைந்தவரின் பெயரையும் தம் பெயரோடு நூலின் முகப்பில் நிறுத்தினார் ஐயர்.

1934-இல், எழுபத்து மூன்றாம் வயதில், அவர் ஐரோப்பா சென்று பல பல்கலைக்கழகங்களிற் சொற்பொழிவாற்றினார். ஜெர்மனியின் பிரெஸ்லௌ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பிரெஞ்சு அரசாங்கமும் அவரைச் சிறப்பித்தது. இந்திய அரசாங்கத்திடமிருந்து திவான் பகதூர் பட்டமும் கிடைத்தது. பின்னர் அவர் குடகு நாட்டு மக்களைப் பற்றிய ஆய்விலும் ஈடுபட்டார். அது முடிவதற்கு முன், 1937 பிப்ரவரியில் அவர் காலமானார்.

தந்தை விட்ட பணியை மைந்தர் எல். ஏ. கிருஷ்ண ஐயர் தொடர்ந்தார். திருவிதாங்கூர்க் குடிகளைப் பற்றி அவர் தனித்தொகுதிகள் எழுதினார். குடகு நூலை 1948-இல் வெளியிட்டார். பேரர் பாலரத்தினமும் இத்துறையிலேயே ஈடுபட்டார். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை ஒரே கல்வியில் ஈடுபட்டது அருமையே.

குறையும் நிறையும்

பெரியோரைப் போற்றும்போது அவர்களுடைய காலத்தின் குறைகளை மறைத்தல் முறையன்று. ஐயர் ஈடுபட்ட அரசாங்க ஆய்வு, மக்களை அறிந்து ஆளும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. தலையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு மக்களை இனம் பிரிக்கலாம் என்று ரிஸ்லி முதலானோர் நம்பினர். ஐயரும் அக்கால வழக்கத்தினின்று முற்றும் விலகியவர் அல்லர். சாதிகளைத் தனித்தனி அத்தியாயங்களில் அடுக்கி எழுதியதால், மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கை, மாறாத பட்டியலாகத் தோற்றமளித்தது.

இதில் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அவருக்குப் பட்டம் அளித்த பிரெஸ்லௌவில் இனவியற் பேராசிரியராக இருந்தவர் எகோன் வான் ஐக்ஸ்டெட். 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவில் சுற்றி அளவெடுத்தவர். மைசூர் நூலின் முதல் தொகுதியிலும் ஒரு பகுதி எழுதியவர். ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தபோது, மண்டையோட்டை அளந்து மனிதனைத் தரம் பிரிக்கும் அக்கலை அவ்வாட்சியின் கொடுமைகளுக்குத் துணைபோயிற்று. 1950-இல் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர் குழு, இன உயர்வு தாழ்வுக் கொள்கைக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று உலகறிய மறுத்தது. அளவுகோல் காட்டிய இனப் பிரிவினைகள் இன்று வழக்கொழிந்தன.

அங்ஙனமாயின் ஐயரின் நூல்களில் எஞ்சுவது என்ன? அவர் அளந்தவை பயனற்றுப் போயின; கேட்டு எழுதியவை நிலைத்தன. பரம்பிக்குளம், சோலையாறு அணைகளாலும், காடு அழிந்ததாலும், காடரின் வாழ்க்கை நிலைகுலைந்துவிட்டது. அவர்களுடைய முன்னோர் எவ்வாறு மணந்தனர், எதை வணங்கினர், காட்டில் எதைத் தேடினர் என்பதை அறிய விரும்புவோர் 1909-இன் தொகுதியைத்தான் இன்றும் புரட்டுகின்றனர். நாயாடிகளைப் பற்றி ஐயர் எழுதிய அத்தியாயத்திற்குப் பின், ஏ. ஐயப்பன் அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அது வெளிவந்தது ஐயர் மறைந்த அதே 1937-இல்.

நாம் கொள்ளத்தக்கது

நம் குழந்தைகள் பொறியியலும் மருத்துவமும் கணக்கியலும் பயில வேண்டுமென்று நாம் விரும்புவது இயல்பு. வேற்றூரிற் பிழைக்க வந்தவர்களுக்கு உறுதியான தொழில் வேண்டும். எனினும், சமூகவியலோ மானிடவியலோ பயில விரும்புகிறேன் என்று மகளோ மகனோ கூறினால், அதனால் என்ன பயன் என்று கேட்டு நாம் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். இதே நகரில், பாலிகஞ்ச் விஞ்ஞானக் கல்லூரி வளாகத்தில் அத்துறை இன்றும் இயங்குகின்றது. இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது. அவ்வழியே நாம் பன்முறை சென்றிருப்போம். அங்கே நம்மவர் ஒருவரின் உழைப்பு அடித்தளமாகக் கிடப்பதை எண்ணியிருக்க மாட்டோம்.

இக்கல்வி இன்று மிகவும் வேண்டப்படுவது. 1931-க்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணும் வழக்கம் நின்றிருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் சாதிவாரிக் கணக்கும் சேர்க்கப்படும் என்று நடுவணரசு 2025-இல் அறிவித்தது. எண்ணுவது வேறு, அறிவது வேறு. எண்ணுவதற்கு ஏடு போதும். அறிவதற்கு அருகிற் சென்று அமர வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்த இளைஞர் பலர் நாட்டுக்குத் தேவை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். உங்கள் வழக்கம் என்ன, உங்கள் உணவு என்ன என்று நம்மை நாள்தோறும் பிறர் கேட்கின்றனர். நம்மை அறிய விரும்பிக் கேட்பவரிடம் மகிழ்ந்து பேசுகிறோம். முன்பே முடிவு செய்துகொண்டு ஒப்புக்குக் கேட்பவரிடம் வாய் மூடிக்கொள்கிறோம். வங்காளியையும், பிகாரிலிருந்து வந்து மூட்டை சுமப்பவரையும், சந்தாலியையும் நாம் எவ்வாறு கேட்கிறோம் என்பதை நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நலம். அறுபதாம் வயதில் இந்நகருக்கு வந்த அப்பெரியார், கேட்கத் தெரிந்தவர். அவருடைய பெயரை நம் சங்கத்தின் இளந்தலைமுறை அறியட்டும். அவர் தொடங்கிவைத்த கல்வியைப் பயில அவர்களுள் ஒருவரேனும் முன்வரட்டும் என்று விழைகின்றோம்.